கேட்டமரான் விடுமுறை: டீசலுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பாய்மரக் கேட்டமரானை (இரண்டு உடற்பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய படகை) ஒரு வாரம் வாடகைக்கு எடுப்பவர்கள் எரிபொருள் செலவைப் பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மொத்தம் 140 கடல் மைல், மைலுக்கு ஒரு லிட்டர், ஆகவே 140 லிட்டர் என்று முடித்துவிடுகிறார்கள். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். படகில் டீசல் குடிப்பவை மூன்று: இடது இன்ஜின், வலது இன்ஜின், ஜெனரேட்டர். மூன்றும் ஓடிய நேரத்துக்கு ஏற்பத்தான் குடிக்கும். நல்ல காற்று கிடைத்தால் 30 மைல் போயும் இரண்டு லிட்டர்தான் செலவாகும். நங்கூரம் போட்டு, ஓரடி நகராமல், ஏசியைப் போட்டுத் தூங்கி எழுந்தால் அதே இரவில் 16 லிட்டர் போயிருக்கும். ஆகவே முதலில் தூரத்தை மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள்.

இந்தப் பதிவில் விலையே வராது. டீசல் விலை இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் மாறும். லிட்டர் கணக்கு சரியாக இருந்தால், போகும் இடத்தின் விலையால் பெருக்குவது ஒரு நிமிட வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: கரீபியன் தீவுகள் சிலவற்றிலும் பகாமாஸிலும் அமெரிக்க கேலனில் விற்பார்கள். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இரண்டையும் குழப்பினால் கணக்கு 20 சதவீதம் தவறிப்போகும்.

எடுத்துக்காட்டுக்கு, வாடகைச் சந்தையில் அதிகம் கிடைக்கும் அளவையே எடுத்துக்கொள்கிறேன்: 42 அடி நீளம், 45 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் இரண்டு, 8 முதல் 10 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று, 300 லிட்டர் தொட்டி இரண்டு. உங்கள் படகு 38 அடி என்றால் எண்கள் கொஞ்சம் குறையும், 50 அடி என்றால் கூடும். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

ஒப்பந்தத்தில் எரிபொருள் எங்கே இருக்கிறது

பேர்போட் முறையில், அதாவது படகை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டும்போது, வழக்கமான நிபந்தனை 'தொட்டி நிறையத் தருவோம், நிறையத் திருப்பித் தர வேண்டும்' என்பது. வாடகைத் தொகையில் டீசல் சேராது. ஸ்கிப்பரை, அதாவது படகோட்டும் தலைவரை, மட்டும் சேர்த்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதே நிபந்தனைதான். முழுக் குழுவோடு வரும் படகுகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாம் அடங்கிய விலை. அதில் எரிபொருளும் சேரும், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் இன்ஜின், இத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் என்று வரம்பு இருக்கலாம். மற்றொன்று, வாடகைக்கு மேல், அதில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் எல்லாவற்றையும் அதிலிருந்து செலவழித்து, கடைசியில் கணக்குக் காட்டுவது. இரண்டாவது வழியில் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. சில நிறுவனங்கள் லிட்டருக்குப் பதிலாக இன்ஜின் ஓடிய மணிக்கு ஒரு நிலையான தொகை வாங்கும். இந்த ஒப்பந்தத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். மெதுவாக ஓட்டினால் லிட்டர் மிச்சம், ஆனால் மணி கூடும், பணமும் கூடும். அந்தப் படகில் இரண்டு இன்ஜினையும் குறைந்த வேகத்தில் ஓட்டுவதுதான் மிகவும் செலவு பிடிக்கும் வழி. ஒரே இன்ஜினில் போனால் கட்டணம் ஏறக்குறைய பாதியாகும். எந்த முறையில் கணக்கிடுவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் சிக்கன வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது இதைப் பொறுத்தது.

இன்ஜின் நிற்கும்போதும் சாவி திருப்பியே இருந்தால் ஓடும் மணிக்காட்டிகள் (இன்ஜின் ஓடிய மணியை எண்ணும் கருவிகள்) உண்டு. பாய் விரித்ததும் இன்ஜினை நிறுத்தி, சாவியையும் அணைக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்ஜின் எவ்வளவு குடிக்கும்

சுமையோடு ஓடும் டீசல் இன்ஜின், ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 0.27 முதல் 0.3 லிட்டர் எடுத்துக்கொள்ளும். 45 குதிரைத்திறன் என்பது 33 கிலோவாட். முழு வேகத்தில் 3,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி) ஓடினால் மணிக்கு 9 லிட்டர். ஆனால் புரொப்பல்லர் கேட்கும் திறன் ஆர்.பி.எம். ஏறும் அளவுக்கு நேராக ஏறாது, ஏறக்குறைய அதன் மும்மடிக்கு ஏறும்: ஆர்.பி.எம். இரட்டித்தால் திறன் எட்டு மடங்காகும். இந்த ஒரு விதிதான் முழுப் பட்ஜெட்டையும் ஆட்டிவைக்கிறது. ஒரு இன்ஜினுக்கு 1,800 ஆர்.பி.எம்.மில் மணிக்கு 2 லிட்டர் சொச்சம், 2,200-ல் 3.75, 2,500-ல் 5.3, 2,800-ல் 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான கடலில் இரண்டு இன்ஜினும் ஓடினால் வேகம் முறையே 5.5 நாட் (மணிக்கு 5.5 கடல் மைல்), 6.5, 7, 7.4 என்ற அளவில் இருக்கும்.

2,500-க்கும் 2,800-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து மணிக்கு நாலரை லிட்டர் கூடுதலாகப் போகிறது, வேகம் அரை நாட்கூட ஏறவில்லை. நீரைக் கிளப்பி அலை எழுப்பவே அந்தத் திறன் போகிறது. 25 மைல் தூரத்தை 2,200-ல் கடந்தால் 3 மணி 50 நிமிடம், 29 லிட்டர். 2,800-ல் கடந்தால் 3 மணி 23 நிமிடம், 51 லிட்டர். அரை மணி நேரம்கூட மிச்சமாகாத ஒரு அவசரத்துக்கு 22 லிட்டர். மூரிங் மிதவைகள் (படகைக் கட்டிவைக்கும் மிதவைகள்) நிறைவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று த்ராட்டிலைத் தள்ளுபவர்கள், அதற்குப் பதில் காலையில் அரை மணி முன்னால் கிளம்பலாம். அந்த வழிக்குச் செலவே இல்லை.

ஒரே இன்ஜினில் போனால் பாதி செலவு என்று படகுத்தளங்களில் அடிக்கடி சொல்வார்கள். அது அரை உண்மை. ஒரு இன்ஜினை 2,200-ல் ஓட்டினால் வேகம் 5.2 நாட் அளவுக்கு வரும், மைலுக்கு 0.72 லிட்டர். இரண்டையும் 2,200-ல் ஓட்டினால் மைலுக்கு 1.15 லிட்டர். ஆனால் இரண்டையும் 1,800-ல் ஓட்டினால் மைலுக்கு 0.76 தான். அதாவது சேமிப்பின் பெரும்பகுதி வேகம் குறைந்ததால் வருகிறது, இன்ஜின் எண்ணிக்கையால் அல்ல. ஒற்றை இன்ஜினில் தள்ளுவிசை ஒரு பக்கமாக விழுவதால் சுக்கானைச் சில டிகிரி திருப்பியே வைத்திருக்க வேண்டும், அது ஒரு இழுவை. நின்றிருக்கும் புரொப்பல்லர் இன்னொரு இழுவை. மடிப்பு புரொப்பல்லர் என்றால் பின் கியரில் போட்டு மடிய விடலாம். நிலையான இலைகள் என்றால் கியரை நியூட்ரலில் விடுவதா வேண்டாமா என்பது அந்தக் கியர்பெட்டியைச் செய்தவர் சொல்லும் முறை. படகைத் தருபவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.

இருந்தாலும் ஒற்றை இன்ஜின் நல்ல பழக்கம்தான். மணிக்காட்டி ஒன்றுதான் ஓடும், சத்தம் பாதியாகும், இன்ஜினும் சரியான சுமையில் வேலை செய்யும். ஒவ்வொரு நாளும் இடது, வலது என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தொட்டிகளும் சமமாகக் குறைவதற்கும் அது உதவும். துறைமுக வாயில், நெருக்கமான நங்கூர இடம், பாறை அருகே செல்லும் பாதை ஆகிய இடங்களில் மட்டும் இரண்டும் ஓடட்டும். அங்கே டீசலைப் பார்க்காதீர்கள்.

எதிர்க்காற்று இந்த எண்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கேட்டமரானின் மேல்கட்டு உயரமானது, அகலமானது. காற்று அதை நேராகப் பிடித்துத் தள்ளும். 20 நாட் எதிர்க்காற்றும் குட்டை அலையும் சேர்ந்தால் 6.5 நாட் போன படகு 4.5 நாட்டுக்கு இறங்கிவிடும், இன்ஜின் குடிப்பது குறையாது. அதே 25 மைலுக்கு இப்போது ஐந்தரை மணி நேரம், ஏறக்குறைய 42 லிட்டர். எதிர் நீரோட்டமும் இப்படித்தான்: ஒன்றரை நாட் எதிரோட்டத்தில் 6.5 நாட் படகு தரையைப் பொறுத்து 5 நாட்தான் நகரும்.

சின்ன இழுவைகளையும் கவனியுங்கள். டிங்கியை (கரைக்குப் போய்வரும் சிறு படகை) கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகாமல் பின்னால் உள்ள டேவிட்டில், அதாவது படகு தூக்கும் கொக்கிச் சட்டத்தில், தூக்கிக் கட்டுங்கள். படகைப் பெறும் அன்றே கண்ணாடி போட்டு நீரில் இறங்கி, புரொப்பல்லர் இலைகளில் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இலைகள் சொரசொரப்பாக இருந்தால் அதே ஆர்.பி.எம்.முக்கு அரை நாட், சில நேரம் அதற்கு மேலும் இழக்க வேண்டியிருக்கும். அதைச் சுரண்டித் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை.

ஜெனரேட்டர்: பணம் போகும் உண்மையான வழி

வெப்பமான கடலில், ஏசி உள்ள படகில், வாரச் செலவின் பெரிய பங்கு இங்கேதான் இருக்கும். 9 கிலோவாட் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரம் ஓடினால் 16 லிட்டர், ஏழு இரவுக்கு 112 லிட்டர். 140 மைல் பயணத்தில் பாதிக்கும் குறைவாக இன்ஜினில் போகிறவருக்கு, படகை நகர்த்தும் செலவைவிட இது அதிகம்.

சிக்கனம் என்று நினைத்து ஒரு அறையின் ஏசியை மட்டும் ஓட விடுவார்கள். ஜெனரேட்டர் குறைந்த சுமையில் ஓடினாலும் தன்னைச் சுழற்றிக்கொள்வதற்கென்றே ஒரு அளவு டீசல் தேவை. கால் பங்கு சுமையில்கூட மணிக்கு 1.2 முதல் 1.4 லிட்டர் போகும். மூன்று ஏசிகளை அணைத்தும் மிச்சம் ஆவது மணிக்கு முக்கால் லிட்டர் அளவுதான். தவிர, நாள்கணக்கில் குறைந்த சுமையில் ஓடும் டீசல் இன்ஜினில் கரி படியும்.

மாற்று வழி நேரத்தைக் குறைப்பது. படுக்கும் முன் இரண்டு மணி நேரம் எல்லா ஏசிகளையும் முழுதாக ஓட்டி அறைகளைக் குளிர வையுங்கள். அந்த இரண்டு மணி நேரத்திலேயே கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம், பேட்டரி சார்ஜர், சமையலறை மின்சாதனங்கள் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுங்கள். ஜெனரேட்டருக்கும் நல்ல சுமை கிடைக்கும். பிறகு நிறுத்திவிட்டு, மேல் ஜன்னல்களைத் திறந்து, சிறு மின்விசிறிகளைப் போடுங்கள். நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகவே காற்றுக்கு முகம் காட்டி நிற்கும், முன்பக்க ஜன்னல் வழியே காற்று உள்ளே வரும். இந்த முறையில் ஒரு இரவுக்கு 4 முதல் 5 லிட்டர் போதும்.

மெரினாவில் (படகுகளைக் கட்டும் துறையில்) கட்டினால் காற்று அடைபடும், ஆனால் அங்கே கரை மின்சாரம் இருக்கும். 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு 3.7 கிலோவாட் வரை தரும். எல்லா ஏசிகளையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும், இரண்டு என்றால் தாங்கும். 32 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் கவலையில்லை. கட்டும் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் கூட்டி, 16 லிட்டர் டீசல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் மெரினா விலை அதிகம்தான். எப்படியும் தண்ணீர் நிரப்பவும் பொருள் வாங்கவும் ஒரு இரவு கட்டப் போகிறீர்கள் என்றால், வாரத்தின் மிகப் புழுக்கமான இரவை அதற்கு ஒதுக்குங்கள்.

வெந்நீருக்கென்று ஜெனரேட்டரைப் போட வேண்டாம். பெரும்பாலான படகுகளில் இன்ஜினின் சூடே வெந்நீர்த் தொட்டிக்குப் போகும். நங்கூரத்துக்கு வரும்போது அரை மணி முதல் முக்கால் மணி இன்ஜின் ஓடியிருந்தால் குளிக்கத் தண்ணீர் தயார். எந்த இன்ஜினோடு அந்தத் தொட்டி இணைந்திருக்கிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை இன்ஜினில் வரும்போது அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பேட்டரி விஷயத்தில் ஈய-அமில வகைக்கும் லித்தியத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஈய-அமில பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும், மீதி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்காக ஜெனரேட்டர் ஓடினால் டீசல் வீண். காலையில் ஒரு மணி நேரம் ஓட்டி 80-க்குக் கொண்டுவந்து, மீதியைச் சோலார் பேனலிடம் விடுங்கள். 600 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 கிலோவாட்-மணி தரும், குளிர்சாதனப் பெட்டியும் விளக்குகளும் அதில் ஓடிவிடும். லித்தியம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறும். படகில் 10 கிலோவாட்-மணிக்கு மேல் லித்தியமும் பெரிய இன்வெர்ட்டரும் இருந்தால், ஜெனரேட்டர் இல்லாமலே ஒரு அறையின் ஏசியை இரவு முழுக்க ஓட்டலாம். படகைத் தேர்ந்தெடுக்கும்போதே பேட்டரி எத்தனை கிலோவாட்-மணி என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் வாடகை இருந்தாலும் அந்தப் படகு மொத்தத்தில் மலிவாக அமையலாம்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு மணமில்லை. தூங்கும் அறைகளில் அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று படகைப் பெறும்போதே அழுத்திப் பாருங்கள். புகை வெளியேறும் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கக் கூடாது.

ஒரே படகு, ஒரே பாதை, மூன்று கணக்கு

ஏழு நாள், 140 மைல் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நன்றாகப் பாய் ஓட்டினாலும் நங்கூரம் தூக்கவும் போடவும், கரையில் கட்டவும் தினமும் ஐம்பது நிமிடமாவது இரண்டு இன்ஜினும் ஓடும். வாரத்துக்கு ஆறு மணி நேரம், மெதுவான ஓட்டத்தில் மணிக்கு 3 லிட்டர், மொத்தம் 18 லிட்டர். இது எல்லாக் கணக்கிலும் வரும்.

முதல் கணக்கு சிக்கனமானது. 40 சதவீதத் தூரம், அதாவது 56 மைல், ஒற்றை இன்ஜினில்: பதினொரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 40 லிட்டர். ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்: 21 லிட்டர். கூட்டினால் 79 லிட்டர்.

இரண்டாவது, பெரும்பாலானோர் செய்வது. அதே 56 மைல் இரண்டு இன்ஜினில் 65 லிட்டர், இரவு முழுக்க ஏசி 112 லிட்டர். மொத்தம் 195.

மூன்றாவது, காற்றே இல்லாத வாரம். 140 மைலும் இன்ஜினில்: இருபத்தொன்றரை மணி நேரம், 161 லிட்டர். இரவு ஏசி 112. மொத்தம் 291 லிட்டர்.

79-க்கும் 291-க்கும் நடுவே மூன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி. மைலுக்கு இத்தனை லிட்டர் என்று போடும் கணக்கால் இந்த இடைவெளியைக் காட்டவே முடியாது. என் பரிந்துரை: இரண்டாவது கணக்கில் கால் பங்கு கூட்டி, 245 லிட்டரை எதிர்பார்க்கும் செலவாக எழுதுங்கள். ஆனால் பொதுப்பணமாக வசூலிக்கும்போது மூன்றாவது கணக்குக்கே, 300 லிட்டருக்கு, வசூலித்துவிடுங்கள். மிஞ்சியதைத் திருப்பித் தருவது சுலபம். கடைசி நாள் பம்பு முன் நின்று எட்டுப் பேரிடம் கூடுதல் பணம் கேட்பது யாருக்கும் பிடிக்காது. ஏசி இரவு முழுக்க வேண்டுமா, இரண்டு மணி நேரம் போதுமா என்ற முடிவையும் அப்போதே எல்லோரும் சேர்ந்து எடுத்துவிடுவது நல்லது. புழுக்கமான இரவில் எடுக்கும் முடிவு ஒருபோதும் சிக்கனமாக இருக்காது.

தொட்டிகள் 600 லிட்டர் கொள்ளும் என்பதால் இந்த மூன்று கணக்கிலும் நடுவில் நிரப்பத் தேவை வராது. அதாவது முழுத் தொகையும் கடைசி நாளில் ஒரே ரசீதாக வரும். வங்கி அட்டையின் ஒருநாள் வரம்பை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். தொட்டி சிறியதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அடியில் கொஞ்சம் டீசல் குழாய்க்கு எட்டாது, ஆட்டத்தில் காற்றும் உறிஞ்சப்படும். காற்று புகுந்த டீசல் இன்ஜின் நின்றுவிடும். அதை மறுபடி ஓட வைக்க ஆள் வந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்.

மோட்டார் கேட்டமரான் எடுப்பவர்கள் இந்த எண்களை நம்பக் கூடாது. 300 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள இரண்டு இன்ஜின்களோடு 18 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 80 லிட்டரைத் தாண்டும். அதே படகை 7 அல்லது 8 நாட்டில் ஓட்டினால் அதில் ஒரு சிறு பங்குதான். அங்கே பட்ஜெட் முழுக்க வேகத்தைப் பொறுத்தது.

பாதையை வரையும்போதே மிச்சம் பிடிப்பது

காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பது பல இடங்களில் முன்பே தெரிந்ததுதான். கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலில் கோடையில் மெல்டெமி என்ற காற்று வடக்கிலிருந்து வீசும். முதல் நாள் சுகமாகத் தெற்கே இறங்கிவிட்டால், திரும்பும் நாளில் எதிர்க்காற்றில் இரண்டு இன்ஜினையும் போட்டு ஏற வேண்டியிருக்கும். அதுவும் தேதி தப்ப முடியாத நாளில். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வணிகக்காற்று கிழக்கிலிருந்து வரும். டார்டோலா தீவிலிருந்து அதற்குக் கிழக்கே உள்ள வர்ஜின் கோர்டா தீவுக்குப் போவது எதிர்க்காற்றுப் பயணம். பொதுவிதி ஒன்றுதான்: எதிர்க்காற்றுப் பகுதியை வாரத்தின் தொடக்கத்தில் முடியுங்கள், காற்றோடு திரும்பி வாருங்கள். கடல்காற்று மதியம் எழும் கரைகளில் எதிர்த்திசைப் பயணத்தை விடியற்காலை அமைதியில் இன்ஜினில் முடித்துவிட்டு, மதியத்தைப் பாய்க்கு விடுங்கள்.

சுமையேற்றிய வாடகைக் கேட்டமரான் 8 நாட் காற்றுக்குக் கீழே சோம்பிவிடும். எட்டுக்குக் குறைவாகக் காற்று முன்னறிவிப்பு உள்ள நாள்களை எண்ணி, அத்தனையும் இன்ஜின் நாள்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் குறுகிய பயணத்தை வையுங்கள்.

டிங்கியின் பெட்ரோல்

தொகை சிறியது, மறப்பது எளிது. 15 குதிரைத்திறன் நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (டிங்கியின் பின்புறம் மாட்டும் இன்ஜின்) முழு வேகத்தில் மணிக்கு ஐந்தரை லிட்டர் குடிக்கும். கரைக்குப் போய்வருவது மட்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வாரத்துக்கு 15 லிட்டர் போதும். பிள்ளைகளை டிங்கியில் சுற்ற விட்டால் இரட்டிப்பாகும். இரண்டு-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். எந்த வகை, என்ன விகிதம் என்பதைக் கேட்டு டேங்கின் மேல் எழுதி ஒட்டுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலை இரண்டு-ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் இன்ஜினே போகும், டெபாசிட்டும் போகும்.

படகைப் பெறும் நாள், திருப்பும் நாள்

பெறும்போது மூன்று மணிக்காட்டிகளையும் படம் எடுங்கள்: இடது, வலது, ஜெனரேட்டர். எரிபொருள் அளவுகாட்டிகளையும் எடுங்கள். ஆனால் அவற்றை நம்பாதீர்கள். தொட்டி அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால் முள் பாதியைக் காட்டும்போது உள்ளே பாதி இருக்காது. 'நிறைந்திருக்கிறது' என்றால் நிரப்பு வாய் வரைக்கா என்று கேளுங்கள். முந்தைய குழு தூரத்துப் பம்பில் நிரப்பிவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டி வந்திருந்தால், அந்த 15 லிட்டரை நீங்கள் நிரப்ப நேரும். கடைசியாக நிரப்பிய ரசீதைக் காட்டச் சொல்லலாம். ஜெனரேட்டர் எந்தத் தொட்டியிலிருந்து எடுக்கிறது என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் வேகமாகக் குறையும். பொறியாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். இந்தப் படகு 2,200-ல் உண்மையில் எத்தனை லிட்டர் எடுக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். என் எண்களைவிட அவருடைய எண் மேலானது.

திரும்பும் நாளுக்கு முதல் கேள்வி, எந்தப் பம்பு, எத்தனை மணி வரை. குரோஷியா, கிரீஸ் போன்ற இடங்களில் வாடகை வாரம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, வெள்ளி மாலையே படகைக் கொண்டுவரச் சொல்வார்கள். அதனால் வெள்ளி பிற்பகல் பம்புகளில் நீண்ட வரிசை நிற்கும். வரிசையில் நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளி காலையிலேயே, தளத்துக்கு அருகில் உள்ள பம்பில் நிரப்பிவிடுவது மேல். நிரப்பாமல் கொடுத்தால் அவர்களே நிரப்பி, லிட்டர் விலையோடு சேவைக் கட்டணமும் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

பம்பில் கட்டியதும் இன்ஜின், ஜெனரேட்டர், சமையல் எரிவாயு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேல்தளத்தில் டீசல், நன்னீர், கழிவுநீர் மூன்றுக்கும் மூடி ஒரே மாதிரி இருக்கும், சில படகுகளில் பக்கம் பக்கமாகவும் இருக்கும். மூடியின் மேல் பொறித்திருப்பதை வாய்விட்டுப் படித்த பிறகே திறக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றினால் குழாய்கள் முழுவதையும் கழுவ வேண்டிவரும், அந்தச் செலவு வாரத்தின் டீசல் செலவைப் பல மடங்கு தாண்டும். குழாய் முனையில் வருவது டீசல்தானா, பெட்ரோலா என்பதையும் பம்புக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

டீசல் நுரைக்கும். வேகமாக ஊற்றினால் தொட்டி நிறையும் முன்பே காற்றுக்குழாய் வழியே பீய்ச்சி கடலில் விழும், பல இடங்களில் அதற்கு அபராதம் உண்டு. ஒருவர் ஊற்றட்டும், ஒருவர் காற்றுக்குழாய் வாயில் உறிஞ்சு துணியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுக்கட்டும். சத்தத்தின் சுருதி ஏறினால் நிறையப் போகிறது என்று பொருள். அங்கிருந்து சொட்டுச் சொட்டாக. மறுபக்கத் தொட்டிக்குக் குழாய் எட்டவில்லை என்றால் படகைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இரு தொட்டிக்கும் எத்தனை லிட்டர் போனது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, மணிக்காட்டிகளின் வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். மணிக்கணக்கு 190 லிட்டர் சொல்லி, பம்பு 200 அல்லது 210 காட்டினால் இயல்பு. 250 காட்டினால் தொடக்கத்தில் தொட்டி நிறைந்திருக்கவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஓட்டிய விதத்தில் எங்கேனும் கணக்குத் தவறியதா என்று முதலில் உங்கள் பக்கம் பாருங்கள். இல்லையென்றால், முதல் நாள் எடுத்த படங்களோடும் ரசீதோடும், படகை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே பேசுங்கள். கையெழுத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பு குறைவு. ரசீதின் ஒரு பிரதியை டெபாசிட் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.